சாமி மாத்திரை

நவம்பர் 12, 2024. தளவாய்புரம்.

கார்த்திகை பிறக்கப் போகிறது. சாமி மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது.

அத்தை அந்த அட்டையைச் சமையல்கட்டில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்காவ. அத்தை என்றால் என் மாமியார். என் வீட்டுக்காரர் பாலகணேஷ் மெடிக்கலில் போய் "தள்ளிப்போடுறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைக்காரன் சீட்டு கேட்பதில்லை, யாருக்கு என்றும் கேட்பதில்லை. கடலைமிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடுகிறான்.

இவர் மலைக்கு மாலை போடுகிறார். மாலை போட்ட வீட்டில் பொம்பளைக்கு மாசம் வரக்கூடாது. அதனால் மாத்திரை. மலைக்கு மட்டுமா? பங்குனிப் பொங்கலுக்கு முதல் முளைப்பாரியை எங்கள் வீட்டு மருமகள்தான் தூக்கணும், அதுக்கு ஒரு அட்டை. ஆடிக்கு ஒரு அட்டை. கொழுந்தன் கல்யாணத்துக்கு. யாரோ சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்புக்குக்கூட ஒருதடவை. என் மாசத்தால் சாமிக்கு என்ன நட்டம் என்று சாமிதான் சொல்லணும். அதுவரைக்கும் சாமிக்கும் சேர்த்து அத்தையே பேசுதாவ.

நவம்பர் 16

இன்றிலிருந்து என் புருசனை நான் சாமி என்று கூப்பிடணும். "சாமி, டீ ஆறுது சாமி." "சாமி, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க சாமி."

கருமம்.

நவம்பர் 29

மாலை போட்டதிலிருந்து இந்த வீட்டுப் பொம்பளைகளுக்கு ஒருவேளைச் சோறு. அத்தை போட்ட சட்டம். அத்தைக்கு மட்டும் சுகர், தலை சுத்தும், அதனால் மூன்று வேளையும் தோசை. சாமிக்குக் காலையில் இட்லி, பொறவு பஜனை நடக்கிற வீட்டில் எல்லாம் பாயசத்தோட சாப்பாடு. ஒரு சுற்று பெருத்தும் விட்டார். லாரி ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கிறதாம், சிரித்துக்கிட்டே சொல்கிறார்.

எனக்கு மத்தியானம் ரசஞ்சோறு. மிச்ச நேரத்துக்கு நான் தைக்கப் போகிற நைட்டி கம்பெனியில் கொடுக்கிற டீ. டீயிலேயே ஓடுது வண்டி. மிஷினில் உட்கார்ந்தால் ஊசி இரண்டாகத் தெரிகிறது.

இன்னொன்று. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறேன். அரிசி மூடையைத் திறந்தாலே எச்சில் ஊறுது. எனக்கு என்னதான் வந்துச்சோ.

டிசம்பர் 19

கம்பெனியில் மயங்கி விழுந்தேன். நைட்டிக் கட்டு மேலே விழுந்ததால் அடி இல்லை. பக்கத்து மிஷின் சீனியம்மாதான் தண்ணி தெளித்து எழுப்பினாள். "ஏட்டி ஈஸ்வரி, உன் நாக்கு சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்குட்டி" என்றாள்.

வீட்டில் வந்து சொன்னேன். "மனசுல பக்தி இருந்தா மயக்கம் வராது" என்றாவ அத்தை, தோசையைப் பிய்த்துக்கொண்டே.

ஜனவரி 4, 2025

மலையிலிருந்து வந்தாச்சு. சாமி திரும்பவும் பாலகணேஷ் ஆகிவிட்டார். மாலையைக் கழற்றிய கையோடு முக்குக் கடையில் பரோட்டா, சிக்கன், ஆம்லேட். அவருக்கு மாலையைக் கழற்றியாச்சு, எனக்கு மாத்திரையை நிறுத்தியாச்சு. இனி என் கூத்து ஆரம்பம்.

ஜனவரி 10

நிக்கவே மாட்டேங்குது.

ஜனவரி 14

தெருவெல்லாம் பொங்கலோ பொங்கல். நான் பின்கட்டில் பாயில் கிடக்கிறேன். கம்பெனியிலிருந்து கொண்டு வந்த வெட்டுத்துணி எல்லாம் தீர்ந்துபோச்சு. எழுந்து நின்றால் கண்ணை இருட்டுது. என் மகள், பன்னிரண்டு வயசுப் பிள்ளை, வாசலில் நின்னு "அம்மா, செத்துப் போயிருவியா?"ன்னு கேக்கா. அவ அப்பன் டிவியில மாடுபிடி பாக்கான்.

ஜனவரி 18

ராஜபாளையத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் பேரை எழுதி இந்தத் தாளைக் கெடுக்க மாட்டேன். ஏசி உண்டு, மீன்தொட்டி உண்டு. பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?"

"இல்ல சார்" என்றேன். எனக்கென்ன சுகரா, பிரஷரா? அத்தையும் "ஒரு மாத்திரை கெடையாது சார், நல்ல உடம்பு" என்றாவ.

"கர்ப்பப்பை வீங்கியிருக்கு. பிள்ளை இருக்குல்ல? எடுத்துருங்க." சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொல்கிற மாதிரி. பாலகணேஷ் "சரிங்க சார்" என்றார். மார்ச் மூன்றாம் தேதி ஆபரேஷன். அதுவரைக்கும் ரத்தப்போக்கு நிற்க ஊசி. என்னிடம் கேட்கணும் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பஸ்ஸில் அத்தை ஆறுதல் சொன்னாவ. "நல்லதுக்குத்தாம்ட்டி. எடுத்துட்டா பொறவு எந்நாளும் சுத்தம். முளைப்பாரிக்கும் தடங்கல் இல்ல."

எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஒரு மண்சட்டியைத் தலையில் தூக்க என் கர்ப்பப்பை இடைஞ்சலாம்! வயித்தைக் கிழிச்சு எடுக்கதை இப்படி மல்லிப்பூ வாங்குற குரல்ல சொல்லுத இந்தப் பொம்பளையை என்ன செய்ய?

ஜனவரி 22

சீனியம்மாவுக்கு முப்பத்திரண்டு வயசில் எடுத்துவிட்டார்கள். இப்போது செத்த நேரம் சேர்ந்தாற்போல் மிஷினில் உட்கார முடியவில்லை, இடுப்பு. திடீரென்று குப்பென்று வேர்க்கிறது, காரணமே இல்லாமல் அழுகிறாள்.

"எதுக்குக்கா எடுத்தாவ?"

"டாக்டர் சொன்னாரு."

"நீங்க ஏன்னு கேக்கலையா?"

"அதெல்லாம் கேக்கலாமாட்டி?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள்.

நான் கேப்பேன். எனக்கு முப்பத்திமூணு வயசு. வேண்டாம். எனக்கு இது வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

பிப்ரவரி 3. ஸ்ரீவில்லிபுத்தூர்.

சீனியம்மாவின் தங்கச்சி பார்த்த லேடி டாக்டரிடம் போனோம். பெயர் அனுக்ரஹா. மாடவீதிப் பக்கம் வீட்டு முன்னறையிலேயே கிளினிக். "பெரிய டாக்டரைவிட இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருமோ?" என்று பாலகணேஷ் வழியெல்லாம் புலம்பல். அத்தை காவலுக்கு வந்தாவ. டாக்டர் ஒல்லிப் பெண், கூடத்தில் அவள் மாமனார் சத்தமாக இருமிக்கொண்டிருக்கிறார். எனக்கும் நம்பிக்கை இல்லை, பொய் ஏன் சொல்லணும்.

இவளும் வேறு மாத்திரை உண்டா என்றுதான் கேட்டாள். நாங்களும் இல்லை என்றுதான் சொன்னோம். ஆனால் இவள் கண் இமையைப் பிரித்துப் பார்த்தாள், கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, "பச்சரிசி சாப்பிடத் தோணுதா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சீ, திங்கியாட்டி?" என்றாவ அத்தை. "அது ஆசை இல்லம்மா, ரத்தம் குறைஞ்சா அப்படித் தோணும்" என்றாள் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள்.

பிப்ரவரி 7

எல்லாவற்றையும் எழுதி வைக்கணும், மறக்கக் கூடாது.

ரத்தம் ஆறரை. பன்னிரண்டு இருக்கணுமாம். தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை. டி விட்டமினும் தரையில். "கர்ப்பப்பை லேசா பெருசா இருக்கு, அவ்வளவுதான். அதை எடுத்தா தைராய்டு சரியாகுமா, ரத்தம் ஊறுமா? முதல்ல இதையெல்லாம் சரி பண்ணுவோம். ஆபரேஷன் இப்ப வேண்டாம்."

எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாவ. "அதெல்லாம் மெதுவாப் பாப்போம்மா. பங்குனிப் பொங்கல் வருது. அதுக்குத் தள்ளிப்போட ஒரு நல்ல மாத்திரையா எழுதுங்க. மெடிக்கல்ல குடுக்கது முன்ன மாதிரி இவளுக்குக் கேக்க மாட்டேங்கு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டாள். "முன்ன மாதிரின்னா? இதுக்கு முன்னாடி எத்தனை தடவை?"

அத்தை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாவ. மாலைக்கு, பங்குனிக்கு, ஆடிக்கு, சின்னவன் கல்யாணத்துக்கு... ஒரு கை பத்தவில்லை. "கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு வருசம் தவறவிட்டதில்லம்மா" என்று பெருமை வேறு. மெடல் குத்திவிடுவார்கள் என்று நினைத்தாவ போல.

"மாத்திரையே சாப்பிடலைன்னு சொன்னீங்களே?"

பொய் சொல்லவில்லை நாங்கள். பெரிய டாக்டரிடமும் பொய் சொல்லவில்லை. திருநீறு பூசுவதை யாராவது மருந்துக் கணக்கில் சொல்வார்களா? அப்படித்தான் இதுவும். என் வாயால் முழுங்கினது, எனக்கே நினைப்பில் இல்லை.

"அவசரத்துக்கு ஒருதடவை, டாக்டர் பார்த்துக் குடுக்கிற மாத்திரை இது. வருஷம் பூரா குடுக்கிறது, திடீர்னு நிறுத்துறது... உடம்பு எதை நம்பி நடக்கும்? சோறும் கிடையாது, தைராய்டும் இப்படி. எல்லாம் சேர்ந்துதான் ஊத்தியிருக்கு. பழி மட்டும் கர்ப்பப்பை மேல." அத்தையைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு என் பக்கம் குனிந்து, "எங்காத்துலயும் ஆடிப்பூரம் வந்தா அம்மா இதைத்தான் நீட்டுவா. நானும் முழுங்கியிருக்கேன்" என்றாள்.

வெளியே வந்ததும் பாலகணேஷ் வாயைத் திறந்தார். எனக்கு ஏதோ சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, பால்கோவா வாங்கிட்டுப் போயிருவோமா?"

பிப்ரவரி 21

குளுக்கோஸ் பாட்டில் மாதிரி தொங்கவிட்டு இரும்புச்சத்து ஏற்றினார்கள். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. இரும்பு மாத்திரையோடு டீ கூடாது. மூன்று வேளையும் சாப்பிடணும், கீரை, முட்டை, ஈரல்.

பாலகணேஷை ஆட்டு ஈரல் வாங்க வைத்தேன். வறுத்து இறக்கினால் பாதி அத்தை தட்டுக்குப் போகிறது. "அத்தை, இது எனக்கு மருந்து" என்று திரும்ப எடுத்துவிட்டேன். அவிய பார்த்த பார்வை இருக்கே! பார்த்தால் பார்க்கட்டும். ஈரல் நல்லா இருந்தது.

மார்ச் 3

இன்றைக்கு எனக்கு ஆபரேஷன் தேதி. முழு ஷிப்ட்டும் நைட்டி தைத்தேன்.

மார்ச் 17

போன வாரம் வந்தது. தானாக வந்து தானாக நின்றது. கடைசியாக இப்படி நடந்தது எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. அரிசி மூடைப் பக்கமே போகவில்லை.

ஏப்ரல் 1

ஊரில் காப்புக் கட்டியாச்சு. கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் புது அட்டை. யார் வாங்கி வந்தது என்று கேட்கவா வேண்டும்? லேடி டாக்டர் முன்னால் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிவிட்டு வந்த அதே மகராசன்தான்.

ஏப்ரல் 6

நான் முழுங்கவில்லை என்று தெரிந்ததும் அத்தை சோற்றுப் பருக்கையை உருட்டிக்கொண்டே சொன்னாவ: "நீ போட மாட்டேன்னா விடு. பிள்ளை வயசுக்கு வந்துட்டால்ல, அவ தூக்கட்டும். அவளுக்கு அந்த மாத்திரையைக் குடுத்துருவோம்."

என் மகளுக்கு. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு.

எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. அட்டையை எடுத்து சாக்கடையில வீசினேன். "அவ மேல கைய வச்சீக, நான் மனுசியா இருக்க மாட்டேன் அத்தை! என்னைப் பாதி கொன்னது பத்தலையா? முளைப்பாரிதான வேணும்? உங்களுக்கு நின்னு எம்புட்டு வருசமாச்சு? இந்த வீட்டுல எந்நாளும் சுத்தமா இருக்க ஒரே பொம்பளை நீங்கதான! நீங்க தூக்குங்க!"

"மருமவதாம்ட்டி தூக்கணும்."

"நீங்க இந்த வீட்டுக்கு மருமகளா வராம, பொறந்தா வந்தீக?"

என் மாமனார் சோற்றுத் தட்டுக்குள் குனிந்து சிரிக்கிறார். பாலகணேஷ் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்க்கிறார். இத்தனை வருசம் இது ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை? எனக்கும்தான்.

"எனக்கு மூட்டுவலி" என்றாவ அத்தை.

"அதுக்கு மாத்திரை இருக்கு அத்தை" என்றேன்.

ஏப்ரல் 8

காலையில் எனக்கு வந்துவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்து முட்டைத் தோசை தின்றுகொண்டே ஊர்வலம் பார்த்தேன்.

முன்னால் கொட்டு. கொட்டுக்குப் பின்னால், தலையில் முளைப்பாரியோடு, பட்டுச்சேலையில் அத்தை. விந்தி விந்தித்தான் நடந்தாவ, ஆனாலும் நடந்தாவ. என் மகள் தண்ணிப் பாட்டிலோடு கூடவே ஓடினாள். வானம் இடிந்து விழவில்லை. மாரியாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

கம்மாயில் கரைத்துவிட்டு வந்து, அத்தை சுவரில் சாய்ந்து காலை நீட்டினாவ. முழங்காலைத் தேய்த்துக்கொண்டாவ. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஏட்டி, நீ திங்க அந்தச் சத்து மாத்திரையில எனக்கும் ஒண்ணு குடேன்" என்றாவ.

"டாக்டரைக் கேக்காம தர மாட்டேன் அத்தை" என்றேன்.