கூறு போட்ட புத்தகம்

செப்டம்பர் 7
காலை ஒன்பதுக்குப் படிப்பகத்தைத் திறந்தேன். வந்தவர்கள் இருவர். ஒருவர் மின்விசிறிக்காக.
மாலையில் கூட்டம். எங்கள் குப்பம், காட்டூர், எளாவூர் – மூன்று ஊர்ப் படிப்பகங்களும் இனி ஒன்றுக்கொன்று துணை என்று தீர்மானம். என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். பொன்னேரி கோர்ட்டில் முப்பத்தொரு ஆண்டு எழுத்தராக இருந்தவன் என்பதால் ஏற்றுக்கொண்டேன். உண்மையில், மறுக்கத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 9
சென்னையிலிருந்து நன்கொடையாக ஒரு பெட்டி நிறையப் புத்தகம், மூன்று ஊருக்கும் பொதுவாக. எங்கள் படிப்பகத் தலைவர் தேசப்பன் யோசிக்கவே இல்லை. மீன் ஏலம் விடும் இடத்தில் தார்ப்பாய் விரித்து, மூன்று கூறாகக் குவித்து, சீட்டுக் குலுக்கினார். ஒரு கூறு இளைத்துத் தெரிந்ததால் அகராதியின் இரண்டாம் பாகத்தை அதன் மேல் வைத்தார். எல்லோருக்கும் திருப்தி. 'சமமாகப் பகிரப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினேன்.

செப்டம்பர் 11
கூட்டுறவு வங்கித் தேர்வுக் கையேடு: முதல் பாகம் எங்களிடம். இரண்டாம் பாகம் காட்டூரில். விடைகள் எளாவூரில்.

செப்டம்பர் 14
ஏரி இறாலைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்கும் ஜெயம்மா, மகள் செவ்வந்தியோடு வந்தார். தேர்வு அக்டோபர் 12. இருமுறை எழுதித் தவறியவள். இதுவும் போனால் இனி எழுதமாட்டாளாம். முதல் பாகத்தை முடித்துவிட்டாள். இரண்டாவதில்தான் 'கூட்டுறவின் பயன்கள்' என்ற அத்தியாயம் இருக்கிறது.
முதலில் ஒரு நடைமுறை வகுக்க வேண்டும் என்றேன்.

செப்டம்பர் 18
படிவம் தயார். இருபத்திரண்டு கேள்விகள், மூன்று கையெழுத்துகள், மூன்று கார்பன் படிகள். நூறு அச்சடித்தாயிற்று. பதினேழாம் கேள்வி: 'இந்நூல் இல்லாமல் சமாளிக்க இயலாதா?' கடுமையாகிவிட்டதோ?

செப்டம்பர் 25
காட்டூர்ப் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் தனசேகர் படிவத்தைத் திருப்பியனுப்பிவிட்டார். மூன்றாம் படியில் கையெழுத்து தெளிவாக விழவில்லையாம். நியாயம்தான். விதியை எழுதியவனே நான்.

செப்டம்பர் 30
முதல் மாத அறிக்கை வாசித்தேன். தொலைந்த நூல்கள்: இல்லை. சேதமடைந்தவை: இல்லை. பரிமாறப்பட்டவை: இல்லை. தேசப்பன் கை தட்டினார்.

அக்டோபர் 3
ஜெயம்மா வெறுங்கூடையை வாசலில் இறக்கினார். கத்துவார் என்று நினைத்தேன். அதைவிட மோசம், நிதானமாகப் பேசினார்.
"இன்னா கோர்ட்டு சார், ஏரி எத்தினி ஊருக்குப் பொது?"
பல ஊருக்கு என்றேன்.
"அத்த வெட்டியா கூறு போட்டுக்கினோம்? இன்னிக்கு எங்க பாடு, நாளைக்கு அவங்க பாடுன்னு நாளத்தான பங்கு வெச்சிக்கிறோம். புடிச்ச மீனத்தான் கூறு போடுவாங்க. நீங்க ஏரியவே கூறு போட்டுட்டீங்க."
பாடு என்றால் முறை. வலை கட்டும் இடம் ஒன்றுதான், ஆள் மாறும். இங்கேயே பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
காட்டூரிலும் ஒரு பெண் முதல் பாகத்துக்காகக் காத்திருக்கிறாளாம். தான் தினம் அங்கே போகிறவள்தானே, இதைக் கொடுத்து அதை வாங்கி வருகிறேன் என்றார். கையெழுத்து என்று இழுத்தேன்.
"நான் இன்னா, பொஸ்தகத்த தூக்கினு ஓடிப்பூடுவேனா?"
யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இன்னும் ஒன்பது நாள்தான் – இன்னாத்த யோசிக்கிறது? பயந்தாங்கொள்ளி நான், வேற இன்னா.

அக்டோபர் 4
ஏழு மணிக்கே திறந்தேன் (பதிவேட்டில் ஒன்பது). கூடையோடு போன ஜெயம்மாவை நிறுத்தி, முதல் பாகத்தை நீட்டினேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி இறாலின் மேல் வைத்தார். நாற்றம் ஏறிவிடாதே என்றேன்.
"பொஸ்தக நாத்தம் எறாவுக்கு ஏறாம இருந்தா சரி சார்."
மதியம் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. தனசேகர் படிவம் கேட்கவே இல்லையாம். நல்ல இறால் இருக்கிறதா என்றுதான் கேட்டாராம்.

அக்டோபர் 12
தேர்வு. மழை.

அக்டோபர் 14
எளாவூரிலிருந்து விடைகள் வந்தன. அங்கே பொறுப்பில் இருக்கும் சாம்சன் என் படிவத்தை ஒரு பிழையில்லாமல் நிறைவேற்றியிருந்தார். மூன்று கையெழுத்தும் தெளிவு. அவரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

டிசம்பர் 6
செவ்வந்தி தேறிவிட்டாள். காட்டூர்ப் பெண்ணும். இனிப்பு கொடுக்க வந்த செவ்வந்தி என் படிவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 9
தேசப்பன் அலமாரியைப் பார்த்துப் பதறிப்போனார். நாற்பத்தொரு புத்தகம் இல்லை. எங்கே என்றார். இந்த வாரம் காட்டூர்ப் பாடு என்றேன். குரல் நடுங்கவில்லை. கொஞ்சம் நடுங்கியது.
மீந்த படிவங்களை ஜெயம்மா புத்தகம் சுற்றக் கேட்டு வாங்கிப்போயிருந்தார். தாள் நல்ல கனமாம். இன்று எளாவூரிலிருந்து அகராதியின் இரண்டாம் பாகம் அதில் சுற்றித்தான் வந்தது. மேலே பதினேழாம் கேள்வி: 'இந்நூல் இல்லாமல் சமாளிக்க இயலாதா?' பேனாவை எடுத்து, எதிரே இருந்த கட்டத்தில் 'இயலாது' என்று எழுதினேன்.