பகலில் எடுத்த இரவு

ஜூன் 4

என் காதுக்காரருக்கு,

நாங்கள் இருவரும் நலம். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டே கடைசி வரை படிப்பீர்கள் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அப்படிப் படிக்கிற ஆள் நான்தான், நீங்கள் இல்லை.

போன் எடுக்காத காட்டில் போய்ச் சினிமாவுக்குச் சத்தம் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சாமான் வாங்க வந்த உங்கள் கம்பெனி வேன் டிரைவர் வாசலில் நிற்கிறார். பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இவர் மறுபடி வருகிற செவ்வாய்க்குள் நிதானமாக எழுதி வைக்கலாம் என்றால், அந்தச் செவ்வாயும் இப்படித்தான் வரும், எனக்குத் தெரியும்.

குட்டிக்கு இன்று காலை இருபத்து நான்கு. நேற்று மதியம் இருபத்தாறு. சிரிக்க வேண்டாம். போன வருடம் அந்தச் சளியின்போது, தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள் என்று டாக்டர்தானே சொன்னார்? சளி போய்விட்டது. எண்ணுவதை எப்போது நிறுத்தலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்களே, "இந்த வீட்டுல மூச்சு விடவே பயமா இருக்கு" என்று. அதைத்தான் தினமும் பெருக்கித் தள்ளுகிறேன். மறுபடி கூடத்திலேயே கிடக்கிறது. இந்தப் படம் முடிந்ததும் ஆறு மாதத்துக்கு இன்னொரு கம்பெனி கூப்பிடுகிறது என்று உங்கள் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. போய்விடுவீர்களா? அதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

டிரைவர் டீயைக் குடித்துவிட்டார்.

உங்கள்,
டீச்சரம்மா

*

ஜூன் 11

அன்புள்ள டீச்சரம்மா,

நானும் நலம். கொசுக்கள் என்னைவிட நலம்.

கதைப்படி காட்டில் வழி தவறிய சிப்பாய்கள் பத்துப் பேர். கையில் இருப்பதோ ஆறு பேர். காலையில் மிருகம் தின்ற சிப்பாய் மதியம் மீசை ஒட்டிக்கொண்டு வேறு ஆளாக வந்து நிற்கிறார். இதுவரை மூன்று தடவை செத்தவருக்கு மார்க்கண்டேயர் என்று பெயர் வைத்திருக்கிறோம். துப்பாக்கியெல்லாம் மரம். ஓடும்போது விசிறி மாதிரி ஆடுகிறது என்று உள்ளே மணலை அடைத்தார்கள். இப்போது ஓட முடியவில்லை.

படம் முழுக்க இரவில் நடக்கிறது. அத்தனை விளக்குக்கு வழியில்லை. அதனால் உச்சி வெயிலில் எடுத்துப் பின்னால் நீலமாக்கி இரவு ஆக்கப்போகிறார்கள். பளிச்சென்ற பகலில் ஆறு பேர் இருட்டைத் தடவித் தடவி நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கும் கண் கட்டுகிறது. நேற்று ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து துப்பாக்கி நுனியில் உட்கார்ந்தது. அர்த்த ராத்திரியில் இது ஏது என்று டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மிருகம்தான் பிரச்சினை. பஞ்சும் ரப்பருமாகத் தைத்தார்கள். ஒரு மழையில் ஊறி, நனைந்த மெத்தை மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்து யாருக்கும் பயம் வராது, பாவமாக இருக்கிறது. இனி மிருகத்தைக் காட்டவே போவதில்லை, காதால் காட்டு என்று டைரக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். ரம்பம், ஈரச் சாக்கு, லாரி எஞ்சின், எல்லாம் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

மற்றதை நேரில் பேசுவோம். குட்டிக்கு முத்தம்.

காதுக்காரர்

*

ஜூன் 18

என் காதுக்காரருக்கு,

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. லாரி எஞ்சினைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்.

நலம். இருபத்தைந்து.

மதியம் குட்டி தூங்குகிற நேரத்தில் உங்கள் அக்கா வந்தார். கட்டில் ஓரத்தில் நோட்டும் கையுமாக இருந்த என்னைப் பார்த்து, "பிள்ள தூங்குறதப் பாக்க டிக்கெட் ஏதும் போட்டிருக்கியா? எனக்கும் ஒண்ணு கிழி" என்றார். சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு கொஞ்சம் அழுதேன்.

அந்தப் பகலில் எடுத்த இரவு என் தலைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஜன்னலில் நீலத் திரையை இழுத்துவிட்டதும் அறையே உங்கள் படம் ஆகிவிடுகிறது. நேற்று உட்கார்ந்தபடியே ஒரு கணம் கண் சொக்கியிருக்க வேண்டும். உங்கள் சிப்பாய்கள் ஆறு பேரும் கூடத்தின் வழியாக வரிசையாகப் போனார்கள். காலில் பூட்ஸ் இல்லை. ஈரக் கால் தடம் தரையில் பதிந்து பதிந்து காய்ந்தது. குட்டி எழுந்துவிடுவாள் என்று நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். உடனே எல்லோரும் நுனிக்காலில் நடந்தார்கள். கடைசி ஆள் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்க வந்தார். விழித்துவிட்டேன்.

பயமாக இல்லை என்பதுதான் ஆச்சரியம். அவர்கள்தான் என்னைப் பார்த்துப் பயந்த மாதிரி இருந்தது.

டீச்சரம்மா

*

ஜூன் 25

அன்புள்ள டீச்சரம்மா,

இதை நான் முதலில் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் செய்துவிட்டுச் சொல்கிறேன்.

போன வருடம் சளி முற்றிய அந்த மழைக் காலையில், டாக்டருக்குப் போட்டுக் காட்டலாம் என்று குட்டியின் மூச்சைப் பதிவு செய்யச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? நாற்பத்தொரு நிமிடம் பிடித்தேன். அதற்குள் அவளையே தூக்கிக்கொண்டு ஓடினோம். யாரும் அதைக் கேட்கவில்லை. அதை நான் அழிக்கவும் இல்லை. இங்கே தனியாக இருக்கும்போது போட்டுக் கேட்பேன். வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

போன வாரம் ஸ்பீக்கரைச் சோதிக்க ஏதோ ஒன்றைப் போட்டேன். கை தவறி அது ஓடியது, அதுவும் வேகம் குறைந்து, நான்கு மடங்கு மெதுவாக. காட்டில் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டார். டைரக்டர் ஓடி வந்து, இதுதான், இதுதான் என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். என்ன மிருகம் என்று கேட்டார். ஏதோ ஒன்று என்று தலையாட்டி வைத்தேன்.

எட்டு நாளாக அந்த மூச்சுக்குத்தான் சிப்பாய்கள் ஓடுகிறார்கள். மார்க்கண்டேயர் மட்டும் மரத்தடியில் என்னிடம் வந்து சொன்னார்: "அண்ணே, அது நம்மள தின்ன வர்ற மாதிரியே இல்ல. யாரு இருக்கா, யாரு இல்லன்னு எண்ணிக்கிட்டே பின்னாடி வர்ற மாதிரி இருக்கு."

மூச்சுக்கு நடுவில் உன் குரல் இருக்கிறது. ஒன்று, இரண்டு என்று நீ எண்ணிக்கொண்டே இருந்தாய். இத்தனை நாள் அது என் காதில் விழவே இல்லை. எனக்குப் போய்க் காதுக்காரன் என்று பெயர்.

உன் கோபத்துக்குக் காத்திருக்கும்,
நான்

*

ஜூலை 2

பயம் என்றால் என்னவென்று தெரியாத ஒரு ஊர் முன்னால் என் குழந்தை திணறிய காலையைப் போட்டுக் காட்டினீர்கள். மிருகம் என்றார்கள். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்தீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். வீட்டில் நான் எண்ணும்போது உங்களுக்கும் அப்படித்தான் கேட்டதா?

*

ஜூலை 9

டீச்சரம்மா,

ஆமாம். சில நாள் அப்படித்தான் கேட்டது. குட்டியை மட்டும் இல்லை, என்னையும் எண்ணினாய். பாத்ரூமில் பத்து நிமிடம் ஆனால் கதவைத் தட்டினாய். வேலைக்குப் போனால், போய்ச் சேர்ந்துவிட்டேனா, சாப்பிட்டேனா, கிளம்பிவிட்டேனா. வீட்டுக்குள் நுழையும்போதே, இன்றைக்கு என்னென்ன எண்ணப்போகிறாயோ என்று இருக்கும். அதனால்தான் இந்தக் காட்டுக்கு வந்தேன். அடுத்த படத்துக்கும் சரி என்று சொல்ல இருந்தேன். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிவு யாருடையது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.  சமையல்காரர், "பிள்ளைக்கு இப்போ எப்படியிருக்கு?" என்று கேட்டார். எடுத்துவிடு என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் படம் முழுக்க எடுத்துவிடுவேன். ரம்பத்தை வைத்து ஒப்பேற்றிக்கொள்வார்கள்.

இருக்கட்டும் என்றால் டைரக்டர் ஒன்று கேட்கிறார். கடைசிக் காட்சி. ஒரே ஒரு சிப்பாய் மிச்சம். மிருகம் எண்ணிக்கொண்டே வந்து அவன் முன்னால் நின்று, எண்ணி முடித்து, பாய வேண்டும். அதற்கு உன் குரல் புதிதாக வேண்டும். ரிக்கார்டரை டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதும். பிடிக்கவில்லை என்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

நான்

*

ஜூலை 16

என் காதுக்காரருக்கு,

மூன்று நாள் அந்த ரிக்கார்டரைத் தொடவில்லை. நீங்கள் எழுதியது பொய் என்று நிரூபிக்க நோட்டுகளைப் புரட்டினேன். கணக்கு டீச்சர் அல்லவா. சளி விட்ட நாளிலிருந்து மூன்று நோட்டிலும் சேர்த்து ஒரு நாள்கூட முப்பதைத் தாண்டவில்லை. ஒரு பிள்ளை இப்படி வீட்டுப் பாடம் எழுதிக் கொண்டு வந்திருந்தால், எதுக்கும்மா ஒரே விடையைத் திரும்பத் திரும்ப எழுதுற என்று நானே கேட்டிருப்பேன்.

நான்காம் நாள் மதியம் குட்டியைப் படுக்கவைத்து, நீலத் திரையை இழுத்துவிட்டு, பொத்தானை அமுக்கினேன். உங்கள் கடைசிச் சிப்பாயை மனதில் வைத்துத்தான் எண்ண ஆரம்பித்தேன். அவர் கட்டில் கால்மாட்டில் வந்து நின்றார். களைத்த முகம். சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை. இன்னும் எத்தனை என்று கேட்டார். இன்னும் கொஞ்சம்தான் என்றேன். உட்காரட்டுமா என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

உங்கள் அக்கா கதவைத் தட்டியபோது மணி ஐந்தரை. குட்டி பக்கத்தில் இல்லை. அந்த ஒரு நொடியை எழுதத் தெரியவில்லை; எழுதவும் வேண்டாம். சமையலறையில் இருந்தாள். எல்லாப் பாத்திரங்களையும் இறக்கி, டம்ளருக்கு மேல் டம்ளர் வைத்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் மாவு. இரண்டரை மணி நேரம் இந்த வீட்டை யாருமே காவல் காக்கவில்லை. வீடு அப்படியே இருந்தது.

பிறகு ரிக்கார்டரைப் போட்டுக் கேட்டேன். இருபத்து மூன்று வரை எண்ணியிருக்கிறேன். அதற்குமேல் இல்லை. அவள் மூச்சு, என் மூச்சு. நான் குறட்டை விடுகிறேன் என்று ஏன் நீங்கள் சொன்னதே இல்லை? ரொம்ப நேரம் கழித்து அவள் எழுந்து, "அம்மா" என்கிறாள். நான் அசையவில்லை. என் வயிற்றின் மேல் கை வைத்திருப்பாள் போல, துணி உரசுகிறது. "ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணுகிறாள். அவளுக்கு இரண்டு வரைதான் தெரியும்.

ரிக்கார்டரை நிறுத்திவிட்டேன். நான் பெற்ற பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் கணக்கு இதுவா? மறுநாள்தான் மிச்சத்தைக் கேட்கத் தைரியம் வந்தது. அதற்குமேல் ஒன்றுமே இல்லை. ஏழெட்டு முறை எண்ணினாள். சலித்துவிட்டது. "போ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். டம்ளர் சத்தம் ஆரம்பிக்கிறது. அவளால் முடிகிறது, பாருங்கள். சலித்துப்போய் விட்டுவிட முடிகிறது.

இனிமேல் எண்ணவே மாட்டேன் என்று எழுதினால் அது பொய். இன்று ஒரே ஒரு முறை எண்ணினேன். நோட்டில் ஏற்றவில்லை.

ரிக்கார்டரிலிருந்து கார்டை எடுத்து அனுப்பியிருக்கிறேன். குட்டியின் பழைய மூச்சைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள். புதிதில் அவள் பேசுவதும் வெளியே வரக் கூடாது, அது நம் வீட்டுக்கு. என் குரல் இருக்கட்டும். அந்த மிருகம் யார் என்று எனக்குத் தெரியும். அதைக் கண்டு எனக்கு வெட்கமில்லை.

சனிக்கிழமை நீங்கள் என்ன பதில் சொன்னாலும் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து எழுதினாலும் சரி.

உங்கள்,
டீச்சரம்மா

*

ஜூலை 23

அன்புள்ள டீச்சரம்மா,

இருபத்து மூன்று வரையும், அதற்குப் பின் உன் மூச்சையும்தான் போட்டேன்; குட்டி பேசுவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். கடைசிச் சிப்பாய் மார்க்கண்டேயர்தான். இந்த முறை சொந்த முகத்தோடு. வெயில் பொழிகிற நடுப்பகல் இரவில், மரத்தோடு சாய்ந்து, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தார். வரவில்லை. உன் மூச்சு மட்டும் நான்கு மடங்கு மெதுவாகக் காடு முழுக்க ஏறி இறங்கியது. பாய வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மெல்லத் துப்பாக்கியைத் தரையில் வைத்தார். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் நடந்து போய்விட்டார். உன் கனவைப் பற்றி அவரிடம் நான் மூச்சுகூட விட்டதில்லை. டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றார். அதையே முடிவாக வைத்துக்கொண்டார்கள்.

அந்த இன்னொரு கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் வேன் நம் தெருமுனையில் இறக்கிவிடும். தாமதமானாலும் ஆகும். ஜன்னலில் நிற்காதே. நீங்கள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தால், நான் படியில் உட்கார்ந்திருப்பேன்.

உன்,
காதுக்காரன்