கையெழுத்து வைக்கவில்லை

தோஹா, மார்கழி 3

அன்புள்ள கஜானிக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

போனை உம்முடைய அண்ணை உடைத்ததையும், அவருடைய மிரட்டலையும் கடிதத்தில் வாசித்தேன். உம்முடைய சீதனக் காணியைத் தன் பெயருக்கு எழுதாவிட்டால் வீட்டைக் கொளுத்துவாராம். பொலிஸும் "குடும்பப் பிரச்சினை, நீங்களே கதைச்சுத் தீருங்கோ" என்றால் நாங்கள் யாரிடம் போவது?

அவருக்கு இதை மட்டும் சொல்லும்: "சட்டப்படி இவரும் கையெழுத்து வைக்காமல் காணி உறுதி எழுத ஏலாது அண்ணை. இவர் இப்ப வரமாட்டார்." பொங்கல் லீவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் வந்தால் அண்ணை என் கையில் பேனையைத் திணிப்பார்.

படலைக்குப் புதுப் பூட்டுப் போடும். பிள்ளையின் சட்டை ஒன்றைத் தோய்க்காமல் அனுப்பும்.

வேலை பஸ் வந்துவிட்டது. கீழே கையெழுத்து வைக்கவில்லை, குறை நினைக்காதேயும். அண்ணை பார்த்து எழுதிப் பழகிவிடுவார்.