ஊசியில் விழுந்த அட்டைகள்

அன்புள்ள அக்கா,

இன்று வவுனியாவில் ஒரு கடையில் கம்பளி பின்னும் நீண்ட ஊசிகளைக் கண்டேன். கையில் எடுக்க முடியவில்லை. வெளியே வந்து பஸ் நிலையத்தில் வெகுநேரம் நின்றேன்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு எரிந்தபிறகு இங்கே நெளுக்குளத்துக்கு அப்பால் வந்து குடியேறியவர்களில் நீங்களும் ஒருவர். அவர்களுக்கு உதவிய நிறுவனத்தின் தகரக் கொட்டகையில் நாம் இருவரும் எழுத்துவேலை பார்த்தோம். குடும்ப விவரங்கள் ஐந்தாறு கொப்பிகளில் சிதறிக் கிடந்தன. யாருக்குப் பால்மா கொடுப்பது என்று மேலிடம் கேட்டால், தேடிச் சொல்ல ஒரு கிழமை ஆகும்.

ஆளுக்கொரு அட்டை போடுவோம் என்றது நீங்கள்தான். விளிம்பில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு கேள்வி. வீட்டுக்குக் கிணறு இல்லையா, கைக்குழந்தையா, மண்வெட்டி பிடிக்கும் இளைஞனா. ஆம் என்றால் அந்தத் துளையை விளிம்புவரை வெட்டிவிடுவோம். பெட்டியிலிருந்து கட்டை எடுத்து, வேண்டிய கேள்வியின் துளைக்குள் கம்பளி ஊசியைச் செருகித் தூக்கினால் வெட்டிய அட்டைகள் மட்டும் கீழே விழும்.

"எழுதி வச்சா மட்டும் போதாதுங்க. கேட்ட ஒடனே பதில் சொல்லணும்" என்பீர்கள்.

சொன்னோம். கிணறு இல்லாதவர்கள் கூடுதலாக இருந்த பக்கத்திலேயே முதல் கிணறு இறங்கியது. இளைஞர் அட்டைகளைப் பார்த்துத்தான் கிணறு வெட்ட ஆள் சேர்த்தோம்.

பிறகு காலம் கெட்டது. ஒரு காலை ட்ரக்கில் வந்த ராணுவத்தினர் துவக்கை மேசையில் வைத்து, இந்த அட்டைப் பெட்டியை எப்படிப் பார்ப்பது என்று கேட்டார்கள். நான்தான் ஊசியை எடுத்து இளைஞர் துளையில் செருகிக் காட்டினேன். விழுந்த அட்டைகளை வாசித்து, மத்தியானத்துக்குள் பெடியன்களை ஏற்றிப் போனார்கள். பெட்டியும் போயிற்று. ஒருவரும் திரும்பவில்லை.

"நான் காட்டாமல் விட்டிருக்கலாமக்கா" என்றேன்.

"நீங்க காட்டலன்னா ஒவ்வொண்ணா வாசிச்சிருப்பாங்க. அந்தத் தொளையப் போட்டது நான்" என்றீர்கள்.

அதன்பின் நீங்கள் பேனா பிடிக்கவில்லை. அடுத்த மாரிமழைக் காலத்தில் மலேரியா உங்களைக் கொண்டுபோனது.

நீங்கள் போனபிறகு, ஏற்றிப்போன பெடியன்களில் ஒருவனின் தாய் கொட்டகைக்கு வந்தார்.

"எம்புள்ள இப்ப எங்க இருக்கான்னு ஒங்க அட்டையில இருக்கும்ல. பாத்துச் சொல்லுங்க ஐயா."

"பெட்டி இப்ப எங்களிட்ட இல்லையம்மா" என்றேன்.

"அப்ப புதுசா ஒண்ணு எழுதுங்க. நான் சொல்றேன்."

பெயர் சொன்னார், வயது சொன்னார். எழுதினேன், அக்கா. அந்த அட்டை என்னிடம்தான் இருக்கிறது. இருப்பிடம் என்ற இடத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.