ஏலம் போன காட்டெருமை

அனுப்புநர்
ஞா. தனசிங்,
மின்வாரியப் பணியாளர் (ஓய்வு),
தலைவர், ஆலயக் கூரை நிதிக்குழு,
கல்லோடை மட்டம், சோலூர் வழி,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
வனச்சரக அலுவலர் அவர்கள்,
வனச்சரக அலுவலகம்,
நீலகிரி மாவட்டம்.

பொருள்: அரசுக்குச் சொந்தமான காட்டெருமை ஒன்றை நான் ஏலத்தில் விற்றுவிட்டது – வாங்கியவர் அதை ஓட்டிப்போகக் கயிற்றோடு வருவது – வரும் ஞாயிறு தாங்கள் நேரில் வந்து தடுக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஆலயக் கூரை ஒழுகியது. ஒழுகிய தண்ணீரைத் தேக்கியிருந்தால் குந்தாவில் இன்னொரு மின்நிலையம் ஓட்டியிருக்கலாம். அங்கே ஆயுசைக் கழித்தவன் சொல்கிறேன். போன மழையில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்ட, போதகர் குடை பிடித்தார்.

2. எனவே கூரை நிதிக்குழு அமைந்தது. அதற்கு என்னை யாரும் தலைவராகத் தேர்ந்தெடுக்கவில்லை. கூட்டத்தில் பேச எழுந்தவன் உட்காரவில்லை, அவ்வளவுதான். முதலில் கேக் விற்பனை நடத்தினேன். எங்கள் வீட்டுப் பெண்கள் சுட்ட கேக்கை நாங்களே வாங்கித் தின்றோம். ஊரில் சர்க்கரை நோய் ஏறியது, நிதி ஏறவில்லை. பிறகு கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவை ஆகஸ்டிலேயே வீடு வீடாக அனுப்பினேன். சோலூர்க்காரர்கள் கதவைத் திறக்காமல், இன்னும் நாலு மாசம் இருக்குதுங்களே என்று ஜன்னல் வழியாக விசாரித்தார்கள். ரோட்டோரம் தென்னை உயரத்துக்கு ஒரு பலகை நட்டு, நிதி ஏற ஏறச் சிவப்புச் சாயமும் ஏறும் என்று முழங்கினேன். சாயம் வாங்கிய செலவைக் கழித்தால் பலகை பூமிக்குக் கீழே போகவேண்டி வந்தது.

3. கடைசி அஸ்திரமாக அறுப்பின் பண்டிகை ஏலம். தங்களுக்குத் தெரிந்திருக்கும்: விளைச்சலில் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைப்போம், ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவோம். ஒரு கோழிமுட்டை கோழியின் விலைக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பக் காணிக்கையாக வைப்பார், மறுபடி ஏலம் போகும். இந்த வருடம் ஒரே பூசணிக்காயை மாலை வரை விற்றேன். மின்நிலையச் சுழலிகளின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய குரல் என்னுடையது. நான் ‘ஒருதரம்’ என்றால் அவலாஞ்சி அணையில் அலை எழும்பும்.

4. இனி நடந்த குற்றம். எங்கள் சபையைச் சேர்ந்த கருப்பம்மாள், மகனுக்கு வேலை கிடைத்தால் ஒரு எருமை தருவதாக நேர்ந்திருந்தார். வேலை கிடைத்தது. அன்று அவர் மழையில் வரமுடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். அது எனக்குத் தெரியாது. மாலை மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியாத நேரத்தில், வேலியோரம் கருப்பாக, பெரிதாக, முட்டைக்கோஸ் கழிவைத் தின்றபடி ஒன்று நின்றது. அந்தக் கழிவை அங்கே கொட்டியவனும் நானே. கருப்பம்மாளின் எருமை வந்துவிட்டது என்று கர்த்தரை ஸ்தோத்திரித்து ஏலத்தைத் தொடங்கினேன். கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே, வெண்ணெயாகத் திரளும் பால், பச்சைக் குழந்தையின் குணம் என்று வர்ணித்தேன்.

5. சோலூரில் காரட் லாரி வைத்திருக்கும் பாலன் கேட்டார். அவர் எங்கள் சபையார் அல்ல, எல்லா வருடமும் ஏலத்துக்கு வருகிற நல்ல மனிதர். அவருக்கு எதிராகப் பனிக்குள்ளிருந்து விலையை ஏற்றிய இன்னொரு குரலும் என்னுடையதே. மூன்றாம் தரம் சொல்லி, பணம் வாங்கி, ரசீதில் ‘எருமை ஒன்று’ என்று எழுதி ஒப்பமிட்டேன். அப்போது ‘எருமை’ ஒரு மூச்சு விட்டது. பனி விலகியது. முதலில் கொம்பு தெரிந்தது. பிறகு ரயில் இன்ஜின் போன்ற முதுகு. பிறகு வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நாலு கால். அது கடா என்பதும் தெரிந்தது. பல வருடமாக ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்காதவர்கள்கூட அன்று உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான்தான் முதலில் ஓடினேன். வெளியே நின்றது பாலன் ஒருவர்தான், கையில் ரசீதோடு.

6. அந்தப் பணம் அந்த வாரமே தகரமாகிக் கூரையேறிவிட்டது. இறங்கச் சொன்னால் இறங்காது. என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன் என்றேன், கருப்பம்மாளின் நிஜ எருமையைத் தருகிறேன் என்றேன், பாலன் இரண்டையும் வாங்கவில்லை. சோலூர் மண்டியில் அவரைப் பார்ப்பவர்களெல்லாம், ‘பால் எத்தனை லிட்டருங்க?’ என்று கேட்கிறார்களாம். மனிதருக்கு ரோஷம். கழிவு தின்று ருசி கண்ட கடா ஞாயிறுதோறும் வேலியோரம் வருகிறது. அவரும் கயிறும் புண்ணாக்குமாக வருகிறார். ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் கிட்டப் போகிறார். போன வாரம் அது தலையைத் தாழ்த்தி மண்ணைக் கீறியது. பழகுது பாருங்க என்று அவர் சந்தோஷப்பட்டார். வரும் ஞாயிறு கழுத்தில் கயிறு போட்டே தீருவாராம்.

7. அது அரசின் விலங்கு, விற்கவும் கூடாது வாங்கவும் கூடாது, தொட்டால் உயிர் போகும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். “ஏனுங்கண்ணா, போன வருசம் நீங்க தொட்டபெட்டாவில இருந்து கத்தி, குன்னூர்ல ரயிலை நிறுத்துனேன்னு சொன்னீங்களே, அது மாதிரியா?” என்றார். ஐயா, அது நான் சொன்னதுதான். இருபது வருடமாக இந்தக் கல்லோடை மட்டத்தில் நான் அளந்த கதைகளின் பலன், இன்று என் வாயிலிருந்து வரும் உண்மைக்கு ஊரில் செலாவணி இல்லை. காக்கிச் சட்டை சொன்னால்தான் அது உண்மையாகும். இந்த மனுவின் காரணம் அதுவே.

8. நேற்று பாலனின் மனைவி பேச்சி என் வீட்டுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று பயந்து பின்வாசல் வரை போய்விட்டேன். அவர் சண்டை போடவில்லை. வாசலில் நின்றபடி ஆலயத்தின் புதுத் தகரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “உங்க கூரைக்குத் தகரம் வந்துருச்சுங்கண்ணா. ஞாயித்துக்கெழமை எங்க ஊட்டுக்கு அவரு வரோணுமுங்க” என்றார். அவர் படியிறங்கியதும் இந்த மனுவுக்குத் தாள் தேடினேன்.

ஆகவே ஐயா, ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் சீருடையோடு வந்து, அது வனத்தின் சொத்து, என் ஏலம் செல்லாது என்று பாலனிடம் தங்கள் வாயால் சொல்ல வேண்டுகிறேன். என்மேல் வழக்குப் போடவேண்டியிருந்தால் அவர் கண் முன்னாலேயே போடுங்கள், இன்னும் நன்றாக நம்புவார். அபராதம் விதித்தால் என் கையிலிருந்து கட்டுவேன். அதற்காக ஒரு முட்டைகூட ஏலம் விடமாட்டேன்.

வேலைப் பளுவால் தங்களால் வரமுடியாவிட்டால், கடாவுக்கும் பாலனுக்கும் நடுவில் நானே போய் நிற்பதாக இருக்கிறேன். அது என்னைத் தூக்கி எறியும்போதாவது, தனசிங் ஒரு தடவை உண்மை சொன்னான் என்று அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்.

இடம்: கல்லோடை மட்டம்
நாள்: 14.11.2024

தங்கள் வருகையை வேலியோரம் எதிர்பார்த்து நிற்கும்,
ஞா. தனசிங்

இணைப்பு: ‘எருமை ஒன்று’ என்று நான் ஒப்பமிட்ட ரசீதின் நகல்.