அம்மாவின் டிவி கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன பிராசசர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. போனில் சொல்லலாமே என்பாய். பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சுத்தான் போயிருக்கிறது, காது கூர்மையாக இருக்கிறது, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்ல.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், உன் சின்ன வயசு வீடியோக்களை டிவியில் போட்டுக் காட்டச் சொன்னாள் இல்லையா, தெரிந்த குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் வாய் திறக்குமாம். தினமும் போடுகிறேன். ஆனால் சினிமா பார்க்கவென்று நீ ஆசையாகப் பாகம் பாகமாகச் சேர்த்து டிவியில் மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் இருக்கிறதே, வீடியோ ஓட ஆரம்பித்ததும் அதன் விசிறி மிக்ஸி மாதிரி இரைகிறது. முப்பத்தைந்து வருஷம் பஸ் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினவனுக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை. போன செவ்வாய்க்கிழமை மாடி வீட்டுத் தையல்கார அம்மா வந்திருந்தாள். திடீரென்று, அண்ணே அக்கா ஏதோ சொன்னாங்களே கேக்கலையா என்றாள். என்ன சொன்னாள் என்று கேட்டால், இந்த இரைச்சல்ல எனக்கும் விளங்கலை, ஆனா வார்த்தைதான் என்கிறாள். என்ன சொன்னாய் என்று நான் குனிந்து கேட்டேன், உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனை நாளாகச் சொல்லிப் பார்த்தாளோ, கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறேன் என்று நினைத்துவிட்டாளோ கண்ணு.

ஆத்திரத்தில் விசிறியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பத்து நிமிஷத்தில் பெட்டி கொதித்துத் தானே அணைந்துவிட்டது. பஸ் சூடானால் மூடியைத் திறந்து ஆறவைத்து ஓட்டுவோமே, அதே புத்தி, பக்கத் தகட்டைக் கழற்றி ஆறவைத்து மறுபடி போட்டேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார், எல்லாம் கருகிப்போகும், உள்ளே இருக்கிற வீடியோவும் சேர்ந்து போய்விடும் என்கிறார். பயந்துபோய் ஒயரை மாட்டிவிட்டேன், மறுபடி அதே இரைச்சல். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி நீ போட்டிருப்பது கேம் விளையாடுகிறவர்களுக்கான பிராசசராம், நூற்றிருபத்தைந்து வாட் தின்கிறதாம். வீடியோ பார்க்க முப்பத்தைந்து வாட்டே தாராளம், படம் காட்டுகிற வேலையையும் அதுவே பார்க்கும், படத்துக்கென்று நீ மாட்டின தனிக் கார்டைக் கழற்றிவிடலாம், விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும் என்கிறார். உள்ளே நீ போட்ட போர்டில் எந்த பிராசசர் உட்காரும் என்று உனக்குத்தான் தெரியும். எப்போதும் இருப்பதிலேயே பெரியதைத்தான் பிடிப்பாய், இந்த ஒரு தடவை சின்னதைப் பிடி. பக்கவாதம் வந்த முதல் ஆறு மாதத்தில் வருகிற பேச்சுத்தான் சுலபமாக வருமாம், ஐந்து முடிந்துவிட்டது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு. கடிதத்தின் பின்பக்கம் கடைக்காரர் போன் நம்பர் இருக்கிறது, படித்த கையோடு பிராசசரின் பெயரை அவருக்கு அனுப்பிவிடு, மறக்காதே. உன் அம்மா பேசின காலத்தில் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ம் கொட்டினவன்தான் நான். இப்போது அந்த ஒரு வார்த்தை என்னவென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்றும் உன் நினைவாக,
அப்பா