உன் தம்பியின் இடது புருவம்

இன்று வந்த வாரப் பத்திரிகையில் உங்கள் நாட்டுப் படம் ஒன்று போட்டிருக்கிறார்கள், தம்பி. பக்கத்து நாட்டோடு நடந்த சண்டை நின்ற பிறகு எடுத்ததாம். பூங்காச் சுவரில் நாலு இளவட்டங்கள் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஒருவனுக்கு முகமெல்லாம் பரு. இன்னொருவனுக்குக் கன்னத்தில் வெட்டுத் தடம். எடுத்தவனும் உங்கள் தெஹ்ரான் பையன்தானாம். யார் முகத்திலும் அவன் கை வைக்கவில்லை. படத்தில் முகங்களைத் திருத்துகிற என் டச்சிங் மேசையில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தேன். அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. உன் விஷயத்தில் எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

நீ எங்கள் ஸ்டுடியோவுக்கு முதலில் வந்தது இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷத்தில். அம்மாபேட்டையில் தறி ஓடும் வீட்டு மாடியில் உன் நாட்டுக்காரன் ஒருவனோடு குடியிருந்தாய். தோளில் கேமரா. தமிழில் நீ முதலில் கற்றது 'ங்க' என்ற அந்த ஒன்றைத்தான். அதை எதில் வேண்டுமானாலும் ஒட்டுவாய். "பிலிம்ங்க. கழுவணும்ங்க. அவசரம்ங்க." ஸ்டுடியோ நடத்துகிற என் அண்ணன் சிரித்துவிட்டு, இந்தப் பையன் நம்மளை விட மரியாதைக்காரனாயிட்டான் என்றார். அன்றிலிருந்து நான் உனக்கு அக்கா.

நீ எடுத்தவர்களெல்லாம் உன் வயசுக்காரர்கள். பெல்பாட்டம் போட்டுத் தறிக்குழியில் இறங்கி நிற்கிறவன், லாரி பம்பரில் சாய்ந்து தலை சீவுகிறவன், டிக்கெட் வரிசையில் அடித்துக்கொள்கிறவர்கள். லீவுக்குப் போய்வந்து உங்கள் ஊர்ப் பையன்களின் படங்களைக் காட்டினாய். அதே பெல்பாட்டம், அதே கிருதா, கூடுதலாக ஒரு மோட்டார் சைக்கிள். எந்த ஊராக இருந்தாலும் இதுகள் இப்படித்தான் போலிருக்கிறது என்றேன். "அதைத்தானுங்க அக்கா நான் எடுக்கறேன்" என்றாய்.

அந்த லீவில் எடுத்த சுருளில்தான் உன் தம்பி இருந்தான். பதினெட்டு வயசு, நேராகக் கேமராவைப் பார்த்தபடி. இடது புருவத்தை நடுவில் பிளந்துகொண்டு ஒரு தழும்பு. சின்ன வயசில் சுவரிலிருந்து விழுந்ததாம்.

எங்கள் தொழில் முறை உனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் படம் எடுப்பதே ஜாதகத்தோடு அனுப்புவதற்கும், சுவரில் மாட்டுவதற்கும்தான். அம்மைத் தழும்பு, மச்சம், மாறுகண், எது இருந்தாலும் டச்சிங்கில் போய்விடும். யாரையும் கேட்கிற வழக்கமில்லை. கேட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். நெகட்டிவில் பென்சில் போட்டால் பள்ளம் நிரம்பும், கத்தியால் சுரண்டினால் படத்தில் வெள்ளை கறுப்பாகும். உன் தம்பியை நீ எவ்வளவு பிரியமாக எடுத்திருந்தாய் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அக்காவின் அன்பளிப்பாக இருக்கட்டுமென்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, மயிர் மயிராகச் சுரண்டி, புருவத்தை முழுசாக்கிக் கொடுத்தேன்.

படத்தைக் கையில் வாங்கி, அந்தப் புருவத்தின்மேல் விரலை வைத்தாய்.

"இங்க ஒரு தழும்பு இருந்துச்சுங்களே அக்கா?"

"எடுத்துட்டேன் சாமி. நாளைக்குப் பொண்ணு பாக்க வேண்டாமா?"

நீ சிரித்தாய். நல்லா இருக்குங்க என்றாய். அது மரியாதைக்குச் சொன்னது. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு உங்கள் ஊரில் ராஜாவுக்கு எதிராக ஊர்வலமும் துப்பாக்கிச் சூடுமாகக் கிடந்தது. ஒரு ஊர்வலத்துக்குப் போன உன் தம்பி வீடு திரும்பவில்லை என்று தந்தி வந்தது. வீட்டிலிருந்த படங்களெல்லாம் அவன் அரை டிராயர் போட்ட காலத்தவை. வளர்ந்த பிறகு எடுத்தது இது ஒன்றுதான். அண்ணன் கூலி வாங்காமல் இருபது பிரதி போட்டுக் கொடுத்தார், காட்டித் தேடட்டுமென்று நீ தபாலில் வீட்டுக்கு அனுப்பினாய். மூன்று வாரம் கழித்து உன் அம்மாவின் கடிதம் வந்தது. அதை ஸ்டுடியோவில் நின்றபடியே எனக்குத் தமிழில் சொன்னாய். படத்தைப் பார்த்து அம்மா, இது யார் என்று கேட்டாராம். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஆஸ்பத்திரியில் ஒரு சிப்பந்தி, புருவம் பிளந்த பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள், ஆனால் இது அவனில்லை என்று சொல்லிப் பதிவேட்டைத் திறக்க மறுத்துவிட்டானாம்.

பென்சிலென்றால் கழுவிவிடலாம். கத்தி போட்டதற்கு மருந்தில்லை. ஒரு பிரதி எடுத்து, மையைத் தொட்டுத் தழும்பை வரைந்து பார்த்தேன். முகத்தில் அழுக்கு ஒட்டினாற்போல இருந்தது. எத்தனை வரைந்தும் அப்படியேதான். நீ என் கையிலிருந்து பிரஷை வாங்கி வைத்தாய்.

"விடுங்க அக்கா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. படத்துக்குப் பதிலா நானே போய் நிக்கறேனுங்க."

பரீட்சை இருக்கிறதே என்றார் அண்ணன். போயிட்டு வாரேனுங்க என்று மட்டும் சொன்னாய். என்மேல் ஒரு வார்த்தை கோபமில்லை. திட்டியிருக்கலாம், தம்பி.

ஒன்றரை மாதம் கழித்து உன் அறைத் தோழன் ஒரு கடிதத்தோடு வந்தான். அது உன் தம்பி எழுதியது. அவன் உயிரோடுதான் இருந்தான். போலீசுக்குப் பயந்து வெளியூரில் ஒளிந்திருந்து, பிறகு வீடு வந்து சேர்ந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு வந்தது வேறு யாரோ. நீ போய்ச் சேர்ந்த நாலாம் நாள், அதே ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளைகளைத் தேடி நின்ற கூட்டத்தின்மேல் சுட்டார்களாம். அதில் நீ.

உன் தோழன் கடிதத்தைப் படித்துச் சொல்லி முடித்ததும் நான் கைகழுவிவிட்டு, அன்று கொடுக்க வேண்டிய கல்யாணப் படங்களை முடித்தேன். எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் தேவலை.

கடிதத்தில் உன் தம்பி ஒன்று கேட்டிருந்தான். நீ எல்லோரையும் எடுத்தாய், உன் படம் அவர்களிடம் ஒன்றுமில்லை. எங்களிடம் பரீட்சை விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக உன்னை எடுத்த நெகட்டிவ் இருந்தது. அதிலும் நான் கைவைத்திருந்தேன், நல்லவேளையாகப் பென்சில் மட்டும். பஞ்சில் துடைத்து எடுத்துவிட்டுப் பெரிதாகப் போட்டேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு, தாடையில் சவரக் கீறல், எல்லாம் வந்தது. அனுப்பினேன்.

பதில் வந்தது. படத்தைப் பார்த்தவுடன் உன் அம்மா, "இவன்தான், இவனேதான்" என்றாராம். முன்னால் வந்த படம் கேமராக் கோளாறு என்று நீ வீட்டில் சொல்லியிருக்கிறாய். இதை இவ்வளவு நன்றாகப் போட்டுக்கொடுத்த அந்த அக்காவின் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாராம்.

இப்போதெல்லாம் யார் முகமானாலும் கேட்காமல் தொடுவதில்லை. ஆனால் அந்தப் புருவத்தைச் சுரண்டியதும் இதே கைதான் என்று உன் அம்மாவுக்கு நான் இன்னும் எழுதவில்லை.